மாமியாரின் ஹார்ட் டிஸ்க்

மாமனார் வீடு எரிந்துபோன மறுநாள் காலையில் பெரிய மாப்பிள்ளை ஒரு வசனத்தைத் தயார் செய்து வைத்திருந்தார். எரிந்த வீட்டிலிருந்து கிடைத்ததை எடுத்துக்கொண்டு மாமனார் வருவார். லேப்டாப் இரண்டையும் தன் கையில் கொடுத்து, இனி உங்கள் பொறுப்பு என்பார். "கவலைப்படாதீங்க மாமா, நான் பாத்துக்கறேன்" என்று தான் சொல்ல வேண்டும். குளிக்கும்போது அதை ஒரு முறை சொல்லிக்கூடப் பார்த்துக்கொண்டார். குளியலறையில் நன்றாகத்தான் ஒலித்தது.

அவருக்கு வயது நாற்பத்துநான்கு. அந்த வீட்டுக்கு மூத்த மாப்பிள்ளை என்பதால் எல்லோருக்கும் 'பெரியவர்'. கெட்டுப்போன ஹார்ட் டிஸ்க்குகளிலிருந்து தொலைந்த கோப்புகளை மீட்டெடுப்பது அவர் தொழில். பதினாறு வருஷமாக ஒரே ஆய்வுக்கூடம், ஒரே மேசை. ஆறு வருஷத்துக்கு முன் மச்சினியின் கணவர் வேலையில்லாமல் இருந்தபோது, முதலாளியம்மாவிடம் சொல்லி அவரை அங்கே சேர்த்துவிட்டதும் பெரியவர்தான். வீட்டில் அவர் 'சின்னவர்'. சகலை இருவரும் ஒரே கூடத்தில் அடுத்தடுத்த மேசைகளில் வேலை பார்க்கிறார்கள் என்றால் கேட்பதற்கு நன்றாகத்தான் இருந்தது.

தீ பிடித்தபோது மாமனாரும் மாமியாரும் கண் மருத்துவமனையில் இருந்தார்கள். ஃபிரிட்ஜுக்குப் பின்னால் போன வயரில் தொடங்கியது, சமையலறையைத் தாண்டி உள்ளறை வரை வந்துவிட்டது. ஆள் யாருக்கும் ஒன்றும் இல்லை. மற்றதெல்லாம் போயிற்று.

மாமனார் பாத்திரம் கழுவும் பிளாஸ்டிக் தொட்டி ஒன்றைச் சுமந்துகொண்டு பெரியவர் வீட்டுக்குள் நுழைந்தார். நில அளவைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். உண்மையிலேயே அளந்து பேசுகிறவர். தொட்டிக்குள் இரண்டு லேப்டாப்புகள் இருந்தன. அவருடையது உருகி, ஒரு கரிய பலகாரத்தட்டு போல் ஆகியிருந்தது. அதில் ஒன்றும் மிஞ்சாது என்று பார்த்தவுடனே தெரிந்தது. மாமியாருடையது பழைய கனமான லேப்டாப். மூடி வளைந்து, விசைகள் ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருந்தாலும் அடிப்பக்கம் முழுசாக இருந்தது.

பெரியவர் எழுந்து நின்று கையை நீட்டினார். மாமனார் அந்தக் கையைத் தாண்டி நாலடி நடந்து, சோபா ஓரத்தில் உட்கார்ந்திருந்த சின்னவரின் மடியில் தொட்டியை வைத்தார்.

"சின்ன மாப்பிள்ளை, இது உங்க கைக்குத்தான் வரணும். அத்தையோட கேசட்டெல்லாம் இதுலதான் இருக்கு."

நீட்டிய கையை என்ன செய்வது என்று தெரியாமல் பெரியவர் மின்விசிறியின் வேகத்தைக் கூட்டினார்.

மாமியார் தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டராக இருந்தவர். முகத்தைவிடக் குரலை நினைவில் வைத்துக்கொள்கிறவர். இரண்டு பெண்களும் பேசத் தொடங்கிய நாளிலிருந்து கேசட்டில் பதிந்து வைத்திருந்தார். போன வருஷம்தான் ஒவ்வொரு கேசட்டாக லேப்டாப்புக்கு மாற்றி முடித்திருந்தார். கேசட்டுகள் வைத்த அலமாரி சாம்பலாகிவிட்டது. அந்தக் குரல்கள் எங்காவது மிஞ்சியிருந்தால் இந்தப் பழைய லேப்டாப்பில்தான்.

"எனக்குப் புடவை, பாத்திரம் எதுவும் வேண்டாம் தம்பி," என்று மாமியார் சின்னவரிடம் சொன்னார். "குழந்தைங்க குரல் மட்டும் வந்தா போதும்."

"கண்டிப்பா வரும் அத்தை. கவலைப்படாதீங்க, நான் பாத்துக்கறேன்," என்றார் சின்னவர்.

குளியலறையில் பெரியவர் ஒத்திகை பார்த்த அதே வசனம்.

சின்னவர் கெட்டிக்காரர் என்பதில் பெரியவருக்கும் சந்தேகம் இல்லை, வேதனையே அதுதான். இரண்டு வருஷத்துக்கு முன் வெள்ளத்தில் மூழ்கிய ஒரு பள்ளிக்கூடத்தின் கோப்புகளைச் சின்னவர் மீட்டுக் கொடுத்தார். பத்திரிகையில் படம் வந்தது. முதலாளியம்மா அதைச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டினார். அதுவும், பெரியவர் தினமும் கையெழுத்துப் போடும் பதிவேட்டுக்கு நேர் மேலே. அந்த வேலையில் மூன்று நாள் தானும் சேர்ந்து உட்கார்ந்ததை எந்தப் பத்திரிகைக்காரனும் கேட்கவில்லை.

மறுநாள் கூடத்தில் சின்னவர் டிஸ்க்கைக் கழற்றி, காற்றை வடிகட்டும் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துத் திறந்தார். பெரியவர் தன் மேசையில் வேறு வேலை பார்ப்பதுபோல் கழுத்தை வளைத்துப் பார்த்தார். உள்ளே தட்டு கண்ணாடி மாதிரி பளபளவென்றிருந்தது. ஆனால் தட்டைப் படிக்கும் ஹெட் ஓய்வெடுக்கும் பிளாஸ்டிக் படி சூட்டில் இளகி, ஹெட்டைத் தன்னோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டிருந்தது. ஹெட் இனி உதவாது. அதே மாடலில், ஏறக்குறைய அதே மாதத்தில் தயாரான இன்னொரு டிஸ்க்கிலிருந்து நல்ல ஹெட்டை எடுத்துப் பொருத்த வேண்டும். அப்படித் தன் உறுப்பைக் கொடுக்கும் டிஸ்க்குக்குத் தொழிலில் டோனர் என்று பெயர். இந்த மாடல் வந்து பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. டோனர் கிடைப்பது குதிரைக் கொம்பு.

சின்னவர் மாடல் எண்ணைத் துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு வந்தார்.

"அண்ணே, இது உங்ககிட்ட இருக்கா?"

இருந்தது. பெரியவர் மேசையின் கடைசி இழுப்பறையில், நிலைமின்சாரம் தாக்காமல் தடுக்கும் வெள்ளிநிற உறைக்குள், நாலு வருஷமாக இருந்தது. உறைமேல் தன் கையெழுத்தில் மாடல், மாதம், தேதி எல்லாம் எழுதி, 'தொட வேண்டாம்' என்று அடிக்கோடும் இட்டிருந்தார்.

"இல்ல," என்றார்.

"சரிண்ணே, வெளியில பாக்கறேன்," என்று சின்னவர் போய்விட்டார்.

அந்த நிமிஷத்தில் பெரியவருக்குக் குற்ற உணர்ச்சி வரவில்லை. மாறாக, வெகுநாளைக்குப் பிறகு நிம்மதியாகச் சாப்பிட்டார். சின்னவர் நாலு இடத்தில் கேட்டுக் கையை விரிக்கட்டும். அப்புறம் மாமனார் இந்தப் பக்கம் திரும்புவார். அப்போது பழைய பெட்டி ஒன்றைக் கிளறும்போது அகப்பட்டது என்று டோனரை எடுத்தால் போயிற்று. ஆட்டமும் முடியும், பெயரும் நிற்கும். கணக்கு அப்படித்தான் இருந்தது.

கணக்குக்குக் குறுக்கே நின்றது மாமியார்தான். வீடு போனதால் மாமனாரும் மாமியாரும் பெரியவர் வீட்டில்தான் தங்கியிருந்தார்கள். அவர் கட்டிலில் படுத்து, அவர் நாற்காலியில் உட்கார்ந்து, அவர் வாங்கி வந்த காப்பியைக் குடித்துக்கொண்டு மாமியார் தினமும் சாயங்காலம் அவரிடமே கேட்பார்:

"சின்னவர் என்ன சொன்னார் மாப்பிள்ளை?"

"தேடிட்டிருக்கார் அத்தை."

"பாவம், அந்தப் பிள்ளை சோறு தண்ணி இல்லாம அலையுது."

இரண்டாம் வாரம் மாமியார் கேட்பதை நிறுத்திவிட்டார். சன்னலோரம் உட்கார்ந்து, மகள் கூப்பிட்டால்கூட ஒரு நொடி கழித்துத்தான் திரும்புவார். அதைப் பார்த்தபோது பெரியவருக்கு உள்ளே ஏதோ அசைந்தது. நாளைக்கு எடுத்துக் கொடுத்துவிடலாம் என்று நினைப்பார். நாளை வந்ததும், வரவேற்பறையில் அந்தப் படத்துக்குக் கீழே கையெழுத்துப் போட்டதும், நினைப்பு மாறிவிடும்.

மூன்றாம் வாரம் வெள்ளிக்கிழமை சின்னவர் துள்ளிக்கொண்டு வந்தார். "அண்ணே, டோனர் கிடைச்சிடுச்சு! வெளிநாட்டுல ஒருத்தர்கிட்ட இருக்காம். புதன்கிழமை கைக்கு வந்துடும்."

"நல்லது," என்றார் பெரியவர்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குப் பெரியவர் தன்னிடமிருந்த சாவியால் கூடத்தைத் திறந்தார். மாமியாருக்காக வந்தேன் என்று பின்னால் யாரிடமும் அவரால் சொல்ல முடியவில்லை. புதன்கிழமைக்கு முன் முந்திக்கொள்ள வேண்டும் என்றுதான் வந்தார்.

சின்னவர் மேசையிலிருந்த மாமியாரின் டிஸ்க்கை எடுத்துக்கொண்டு வேலையில் உட்கார்ந்த பிறகு வேறு ஆளானார். டோனரைத் திறந்து, ஹெட்டுகள் ஒன்றோடொன்று உரசாமல் இடையில் மெல்லிய தகட்டைச் செருகி, மூச்சைப் பிடித்துக்கொண்டு தூக்கினார். இளகிய படியை நூல் நூலாகச் சுரண்டி எடுத்தார். பொசுங்கிய சர்க்கியூட் போர்டிலிருந்து சின்னஞ்சிறு சிப்பைக் கழற்றி நல்ல போர்டில் ஒட்டினார். மின்சாரம் கொடுத்ததும் டிஸ்க் சுற்றியது. ஹெட் தட்டில் மோதினால் வரும் 'டக்' என்ற அந்தப் பயங்கரச் சத்தம் வரவே இல்லை. பதினாறு வருஷத்தில் இவ்வளவு சுத்தமாக ஒரு வேலை அவர் கைக்கு அமைந்ததில்லை. பாராட்டப் பக்கத்தில் ஒரு ஈ காக்கைகூட இல்லை.

எல்லாவற்றையும் வேறொரு டிஸ்க்கில் பிரதி எடுத்து முடியப் பிற்பகல் ஆகிவிட்டது. நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு வந்திருந்தது. ஒலிக்கோப்பு ஒன்றைத் திறந்தார்.

"ஹலோ, யார் வேணும்? அம்மாவா? அம்மா பிஸி. அப்புறமா கூப்பிடுங்க." ஏழு வயதுக் குரல். அவர் மனைவி. கூடவே ஒரு மழலை, "அம்மா பிச்சி, அம்மா பிச்சி" என்று பின்னாலேயே சொன்னது. எங்கோ தள்ளி மாமியார் அடக்க முடியாமல் சிரிக்கும் சத்தம்.

பெரியவர் இன்னொன்றைத் திறந்தார், அப்புறம் இன்னொன்றை. இருபது வருஷம் கூட வாழ்ந்தும் அந்தக் குரலை அவர் கேட்டதில்லை. கண் நிறைந்தது. நிறைந்த கண்ணோடு, இதைச் சின்னவருக்கு முன் நான் கேட்டுவிட்டேன் என்றும் நினைத்தார். மனைவி போனில் கூப்பிட்ட பிறகுதான் நேரம் தெரிந்தது. மறுநாள் எல்லோர் முன்னாலும் கொடுக்கலாம் என்று பிரதியைப் பையில் போட்டுக்கொண்டு ஓட்டமும் நடையுமாகக் கிளம்பினார். டோனரின் கூட்டையும் வெள்ளி உறையையும் மேசைமேலேயே விட்டுவிட்டார்.

திங்கட்கிழமை அவர் போனபோது சின்னவர் அந்த உறையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"நாலு வருஷமா இருக்கு," என்றார் சின்னவர். கேள்வியாக இல்லை.

"ஆமா."

"நான் கேட்டப்ப இல்லன்னீங்க."

பெரியவர் தரையைப் பார்த்தார். "நீயே செஞ்சதா சொல்லிக்கோ தம்பி. நான் வாயத் திறக்க மாட்டேன்."

"உங்க பிச்சை எனக்கு வேண்டாம்." சின்னவர் உறையை மேசைமேல் வைத்தார். அடித்திருந்தால்கூடப் பரவாயில்லை என்று பெரியவருக்குத் தோன்றியது. "பிரதிய எடுத்து வைங்க. சாயங்காலம் வீட்டுக்கு வந்து குடுத்துடலாம்."

சாயங்காலம் எல்லோரும் பெரியவர் வீட்டில் கூடினார்கள். சின்னவர் பிரதியை மாமியார் கையில் வைத்தார். "எல்லாம் வந்துடுச்சு அத்தை. செஞ்சது நான் இல்ல. பெரியவர்."

அதோடு நிறுத்திக்கொண்டார். டோனரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

மாமியார் பெரியவரின் இரண்டு கைகளையும் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். மாமனார் எழுந்து வந்து, "சின்னவரால முடியாதத நீங்க முடிச்சிருக்கீங்க. ஆள அளக்குறதுல நான் தப்புப் பண்ணிட்டேன் மாப்பிள்ளை," என்றார். மூன்று வாரமாக எதற்கு ஏங்கினாரோ அது அத்தனையும் அங்குலம் பிசகாமல் வந்து சேர்ந்தது. மனைவியின் முகத்தில் பெருமை வழிந்தது.

பெரியவர் சின்னவரைப் பார்த்தார். அவர் சோபா ஓரத்தில் அமைதியாக உட்கார்ந்து, மச்சினி காதில் ஏதோ கேட்டதற்கு ஒன்றுமில்லை என்று தலையாட்டிக்கொண்டிருந்தார். காட்டிக்கொடுக்கலாம், கொடுக்கவில்லை. இந்த மனுஷன் இதிலும் என்னைவிட ஒரு படி மேலே போய் உட்கார்ந்துவிட்டானே என்று நினைத்தபோது பெரியவருக்கு எழுந்த பொறாமை, பத்திரிகைப் படத்தைப் பார்த்துப் பட்டதைவிடப் பத்து மடங்கு இருந்தது. அதைத் தாங்க முடியவில்லை.

"அந்த டோனர் மொதல்லேருந்தே என்கிட்டதான் இருந்துச்சு," என்றார். "இவர் மொத நாளே கேட்டார். நான் இல்லன்னு சொல்லிட்டேன்."

நியாயத்துக்காகச் சொன்னோமா, சின்னவர் ஒருத்தரே நல்லவராக இருந்துவிடக் கூடாது என்று சொன்னோமா என்பது அவருக்கே பிடிபடவில்லை.

மாமனார் தன் இடத்துக்குத் திரும்பிப் போய் உட்கார்ந்தார். மச்சினி எழுந்து கைப்பையை எடுத்தாள். "மூணு வாரம் அம்மா தவிச்சதை நீங்க பக்கத்துலயே இருந்து பாத்தீங்களே மாமா," என்றாள். குரலை உயர்த்தவில்லை. கடைசியில் மாமியார்தான், "எனக்குக் கேக்கணும். யாராவது போட்டுவிடுங்க," என்றார். சின்னவர் எழுந்து போய்ப் போட்டுவிட்டார். "அம்மா பிஸி" என்றபோது மாமியார் சிரித்தார், மற்றவர்கள் சிரிக்கவில்லை.

மாமனாரும் மாமியாரும் அந்த மாதமே வாடகைக்கு வீடு பார்த்துக்கொண்டு போனார்கள். சண்டை எதுவும் இல்லை. போகும்போது மாமியார், "உடம்பப் பாத்துக்கோங்க மாப்பிள்ளை," என்றார். கூடத்தில் சின்னவர் வேலை விஷயம் எதுவானாலும் வந்து கேட்கிறார், சொல்கிறார். ஆனால் "அண்ணே" போய் "சார்" வந்துவிட்டது. பொருள் கொண்டுவரும் வண்டியோட்டியை அவர் "அண்ணே" என்று கூப்பிடும்போது, அந்த வண்டியோட்டியைப் பார்த்துப் பெரியவருக்குப் பொறாமையாக இருக்கிறது.

மனைவி எட்டு நாள் அவரோடு சரியாகப் பேசவில்லை. ஒன்பதாம் நாள் காலையில் துணி மடித்துக்கொண்டே கேட்டாள்.

"அவர் வந்து கேட்டாரே, இல்லன்னு சொல்றதுக்கு முன்னாடி யோசிச்சீங்களா?"

பொய் சொல்லலாம் போலிருந்தது. "இல்ல," என்றார். "யோசிக்கவே இல்ல. கேட்டதும் வந்துடுச்சு."

அவள் சட்டை ஒன்றை உதறி, கை இரண்டையும் பின்னால் மடித்து, அடுக்கின்மேல் வைத்தாள்.

"யோசிச்சு சொல்லியிருந்தாக்கூட எனக்கு இவ்வளவு பயம் இருக்காதுங்க," என்றாள். பிறகு துணியில் பாதியை அவர் பக்கம் தள்ளிவிட்டாள். அவர் உட்கார்ந்து மடிக்கத் தொடங்கினார்.