சிவப்பு மூடியும் பழைய ஸ்பிரிங்கும்

ஞாயிற்றுக்கிழமை கார் பந்தயத்தில் மச்சினன் ஷூசாக்குவை முந்தியே தீருவதாக நெமோட்டோ தன் குடும்பத்தார் எல்லோரிடமும் சவால் விட்டிருந்தார். அதற்காகத்தான் காரில், இன்ஜின் வால்வுகளை அதிகமாகத் திறந்து வேகத்தைக் கூட்டும் பெரிய கேம்ஷாஃப்ட் மாட்டினார்.

"வால்வை மூடுற ஸ்பிரிங்கையும் மாத்தணும், நெமோட்டோ சான். பழசு அந்த வேகத்தைத் தாங்காது," என்றாள் மெக்கானிக் குசானோ.

"பானெட்டைத் திறந்தா ஸ்பிரிங் தெரியுமா?"

"தெரியாது."

"அப்புறம் எதுக்கு? இன்ஜின் மூடிக்குச் சிவப்பு பெயின்ட் அடி. பார்க்கிறவனுக்கு வயிறு எரியணும்!"

அடித்துக் கொடுத்தாள்.

ஞாயிறன்று, நின்ற இடத்திலேயே கார் உறுமிய உறுமலில் கூட்டம் கூடியது. சிவப்பு மூடியை எல்லோரும் படம் எடுத்தார்கள். மூன்றாவது சுற்றில் ஷூசாக்குவை நெருங்கிய நெமோட்டோ ஆக்ஸிலரேட்டரை முழுதாக மிதித்தார். பழைய ஸ்பிரிங்கால் வால்வை நேரத்துக்கு மூட முடியவில்லை. மேலேறி வந்த பிஸ்டன் அதில் மோதி இன்ஜினே பிளந்தது. தடமெங்கும் எண்ணெய் கொட்டியதால் பந்தயத்தை நிறுத்தினார்கள்.

தடத்தைக் கெடுத்தவர், ஓட்டிய அத்தனை பேர் வீட்டுக்கும் இனிப்புப் பெட்டியோடு போய்க் குனிந்து மன்னிப்புக் கேட்பது அந்தப் பந்தயக் குழுவின் வழக்கம். மறுநாள் நெமோட்டோ முதலில் குனிந்தது மச்சினன் வாசலில்.

ஷூசாக்கு பெட்டியைப் பிரித்து, ஓர் இனிப்பை வாயில் போட்டுக்கொண்டான்.

"கவலைப்படாதீங்க அத்தான், பெயின்ட்ல ஒரு கீறல்கூட விழல!"