சிவப்புக் கோடு

முட்டிவலியோடு நான் ஏறி இறங்க வசதியாக எங்கள் பழைய காரைச் சற்று உயர்த்திவிடலாம் என்று என் வீட்டுக்காரர் முன்சக்கரத்தைக் கழற்றினார். உள்ளே ஸ்பிரிங்கைத் தாங்கும் மரை போட்ட குழாயில் ஒரு வளையம் உண்டு. அதை மேலே திருகினால் வண்டி உயரும், கீழே திருகினால் தாழும். இத்தனை வருடச் சேற்றிலும் துருவிலும் அது இறுகிக் கிடந்தது.

கம்பி பிரஷால் மரையைத் தேய்த்து, துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஊறவைத்தார். பிறகு கொக்கி ஸ்பேனரை மாட்டி, முதலில் இறுக்கும் பக்கமாகவே லேசாகத் தட்டினார்.

"இப்படித் தாஜா பண்ணினாத்தான் வரும்" என்றார். என்னிடம் ஒருநாளும் இவ்வளவு பொறுமை காட்டியதில்லை.

வளையம் முனகிக்கொண்டே மேலே நகர்ந்தது. அதுவரை அதன் கீழ் விளிம்பு ஒட்டியிருந்த இடத்தில் சிவப்பாக ஒரு கோடு தெரிந்தது.

அந்தப் பழைய நெயில் பாலீஷ் நெடி என் மூக்கில் ஏறியதுபோல் இருந்தது. மகள் வயிற்றில் இருந்த காலம். காரைத் தரையோடு தரையாக இறக்குவதுதான் அப்போது இவருக்குப் பெருமை. ஒவ்வொரு வேகத்தடையிலும் எனக்கு உயிர் போய் வரும். சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம். ஒருநாள் சக்கரத்தைக் கழற்றிவிட்டு இவர் டீ குடிக்கப் போன நேரத்தில், வளையத்தின் கீழ் விளிம்பை ஒட்டி நெயில் பாலீஷால் நான் இழுத்த கோடு அது. வளையத்தைக் கோட்டுக்குக் கீழே இறக்கினால் கையும் களவுமாகப் பிடிக்கலாமே.

"என்னங்க கோடு அது?" என்று கேட்டேன்.

"கம்பெனிக்காரன் போட்டது. இதுக்குக் கீழ எறக்கக் கூடாதுன்னு அர்த்தம். நான் ஒருநாளும் தாண்டினதில்ல."

"கம்பெனிக்காரன் சொன்னா கேட்டுத்தானே ஆகணும்" என்றேன்.