கம்பத்துத் தாள்

இப்போதெல்லாம் ஒருத்தனுக்கு வேலை கொடுத்தால், கொடுத்தவன் அதைப் படம் பிடிக்காமல் விடுவதில்லை. அந்தக் காலத்தில் பம்பு ஆலையில் லோசானைச் சேர்த்தபோது மேஸ்திரி அவன் கையில் ஒரு மண்வாரியைத் திணித்து, "அங்க போய் நில்லு" என்றான். அவ்வளவுதான். லோசான் இருபத்தேழு வருஷம் நின்றான். இன்றைக்குத் தெருக் கூட்டுகிற விளக்குமாற்றைக் கொடுப்பதற்கு முன்னால் நகராட்சியிலிருந்து நாலு பேர் வந்து கைகுலுக்குகிறார்கள். ஆரஞ்சு நிறச் சட்டையை மாட்டிவிட்டு, "கொஞ்சம் சிரிங்க" என்கிறார்கள். பல் போனவனைச் சிரிக்கச் சொல்வதில் என்ன ஆனந்தமோ.

லோசானுக்கு அறுபத்திரண்டு வயது. பென்ஷனுக்கு எட்டு மாச வேலை குறைந்தது. ஆலையைப் பிரித்து இரும்பு விலைக்கு விற்றவர்கள் பழைய பதிவேடுகளில் பாதியைத் தொலைத்துவிட்டார்கள். "நீங்க அந்த எட்டு மாசம் வேலை செஞ்சதுக்குச் சாட்சி இல்ல" என்றார்கள் பென்ஷன் அலுவலகத்தில். லோசான் சட்டையைத் தூக்கி, உருகிய இரும்பு தெறித்த தழும்பைக் காட்டினான். அது சாட்சியாகாதாம்.

அதற்கப்புறம் ஆறு வருஷம் அரசாங்கத்தின் உதவிப் பணத்தில் ஓடியது. வேறு வருமானம் இருக்கிறதா என்று பார்க்க, ஆறு மாசத்துக்கு ஒருமுறை அலுவலகத்திலிருந்து இரண்டு பெண்கள் வந்து அலமாரியைத் திறந்து பார்ப்பார்கள். கட்டிலுக்கடியில் குனிவார்கள். கோழியை எண்ணுவார்கள். "இந்தச் சேவல் உங்களுதா, பக்கத்து வீட்டுதா?" என்று ஒருத்தி கேட்டாள். "அதுகிட்டயே கேளுங்க, சொன்னாலும் சொல்லும்" என்றான் லோசான். அந்தக் குளிர்காலத்துக்கு அவனுக்கு அரசாங்கம் தரும் விறகுச் சீட்டு ஒரு மாசம் தாமதமாக வந்தது. அவன் மனைவி நெவெனா இடுப்பு எலும்பு முறிந்து படுத்த படுக்கை. அந்த மாசம் வேலிக் கட்டைகளைப் பிடுங்கி எரித்தார்கள்.

பிறகு இந்தத் திட்டம் வந்தது. உதவிப் பணம் வாங்குகிறவர்களுக்கு ஒன்பது மாசம் நகராட்சியில் வேலை, சம்பளம் அரசாங்கம் தரும். மாட்டேன் என்றாலோ, ஒழுங்கு மீறி நீக்கப்பட்டாலோ, ஒரு வருஷத்துக்கு உதவியும் கிடையாது, விறகும் கிடையாது.

"தூண்டில்ல இருக்கிற புழுவும் மீனுக்கு இலவசம்தான்" என்றான் லோசான்.

வேலைவாய்ப்பு அலுவலகத்தில் இருந்த ஸோர்னித்சா சிரிக்கவில்லை. முப்பது வயதுப் பெண், பொறுமைசாலி. "ஒன்பது மாசம்னா உங்க எட்டு மாசக் குறை தீர்ந்துடும். அப்புறம் பென்ஷன். யாரும் வந்து உங்க கோழிய எண்ண மாட்டாங்க" என்றாள்.

அந்தக் கடைசிச் சொல்லுக்காகத்தான் அவன் கையெழுத்துப் போட்டான்.

ஏழு மாசம் கூட்டினான். இலையைக் கூட்டினான், பனியை வாரினான். குழுவில் ஆறு பேர். தலைவன் லியூபென், நாற்பது வயது, மேயர் மனைவிக்குத் தூரத்து உறவு. கெட்டவன் இல்லை, பயந்தவன். பயந்தவன்தான் ஆபத்து. லோசானுடன் ஜோடியாகக் கூட்டியவள் பிதான்கா. ஜிப்சிக் குடியிருப்பிலிருந்து வருகிறவள், ஐந்து பிள்ளை பெற்றவள், வாய் மட்டும் ஆறு பிள்ளைக்கு இருக்கும்.

எட்டாவது மாசம் பிறந்ததும், வியாழக்கிழமை தலைநகர் சோபியாவிலிருந்து பெரிய மனிதர்களும் வெளிநாட்டுக்காரர்களும் வருகிறார்கள் என்று சேதி வந்தது. திட்டம் எப்படி நடக்கிறது என்று பார்க்க. லியூபென் செவ்வாய்க்கிழமை காலையில் எல்லோருக்கும் ஆளுக்கொரு சுரண்டுகிற தகடு கொடுத்தான்.

"கம்பம், பஸ் நிறுத்தம், கதவு, மரம் எல்லாத்துலயும் ஒட்டியிருக்கிற காகிதம் ஒண்ணு இருக்கக் கூடாது."

"விளம்பரத்தைத்தானே சொல்ற?" என்றாள் பிதான்கா.

"எல்லாத்தையும். சாவுத் தாளையும்."

ஒருத்தரும் நகரவில்லை.

அந்த ஊரில் யாராவது செத்தால் கறுப்பு ஓரம் போட்ட தாளில் படத்தையும் பெயரையும் அச்சடித்து, வீட்டுக் கதவில், தெருக் கம்பத்தில், ரொட்டிக் கடைச் சுவரில் ஒட்டுவார்கள். நாற்பதாம் நாளுக்கு ஒன்று, ஆறு மாசத்துக்கு ஒன்று, வருஷத்துக்கு ஒன்று. ஒட்டுவதுதான் மனுஷன் வேலை. கிழிப்பது மழை, காற்று, வெயில். மனுஷக் கை அதைத் தொட்டதாக லோசான் பிறந்த நாளிலிருந்து கேள்விப்பட்டதில்லை. ஆலை போனதிலிருந்து வாலிபர்களும் போய்விட்டார்கள். ஊரில் இருக்கிற முகங்களை விடக் கம்பத்தில் இருக்கிற முகங்கள் அதிகம்.

"ஊரே இடுகாடு மாதிரி இருக்குன்னு மேயர் சொல்றார்" என்றான் லியூபென்.

"கண்ணாடியப் பாத்துக் கோவப்பட்டு என்ன பண்றது?" என்றான் லோசான்.

"பெரியவரே, நான் வாதாட வரல. சுரண்டாதவங்க வீட்டுக்குப் போகலாம். அவங்க பேர்ல என்ன எழுதணும்னு எனக்குச் சொல்லியிருக்காங்க."

பிதான்கா தகட்டைத் தரையில் போட்டாள். ஆரஞ்சுச் சட்டையைக் கழற்றி மடித்து அதன்மேல் வைத்தாள். "நான் திருடியிருக்கேன் லியூபென். சோளம் திருடியிருக்கேன், ரயில்வே கம்பி திருடியிருக்கேன். செத்தவன் மூஞ்சிய இதுவரைக்கும் திருடினதில்ல" என்றாள். லோசானைப் பார்த்து, "வரியா அண்ணே?" என்றாள்.

லோசான் தகட்டின் கூர்முனையைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"சரி, நீ வர மாட்ட" என்று சொல்லிவிட்டு அவள் போனாள்.

மத்தியானம் வீட்டுக்குப் போய் நெவெனாவுக்கு அவரைக்கொட்டைக் கஞ்சி ஊட்டும்போது விஷயத்தைச் சொன்னான். அவள் இரண்டு வாய் விழுங்கினாள்.

"எடுத்துடு."

"மில்கோவோட தாளும் இருக்குடீ. நாப்பது நாளே ஆகல."

"யோவ் கிழவா, செத்தவனுக்குக் குளிராது. எனக்குக் குளிருது."

மில்கோ மூன்று வீடு தள்ளி இருக்கிற வெலிகாவின் மகன். ஒரே மகன். முப்பத்து நாலு வயது. ஸ்பெயினில் கட்டடத்துச் சாரத்திலிருந்து விழுந்து, இருபத்தாறு நாளுக்கு முன்னால் ஈயம் ஊற்றி மூடிய பெட்டியில் வந்தான். பெட்டியைத் திறக்கக் கூடாது என்று சீல் வைத்திருந்தது. பெற்றவள் முகம் பார்க்காமல் மண் போட்டாள். அதனால் ரொட்டிக் கடை எதிரே கம்பத்தில் இருந்த தாள்தான் அவளுக்கு முகம். தினமும் ரொட்டி வாங்க வரும்போது அதன் எதிரே நிற்பாள். தலைத்துணி நுனியால் படத்தைத் துடைப்பாள். பேசுவாள் என்றும் சொன்னார்கள். லோசான் கேட்டதில்லை. அந்த நேரத்தில் அவன் வேறு பக்கம் கூட்டப் போய்விடுவான்.

செவ்வாய், புதன் இரண்டு நாளும் சுரண்டினார்கள். பழைய தாள்களில் முகம் வெளுத்து வெறும் கறுப்பு ஓரம்தான் இருந்தது, அதைச் சுரண்டுவது சுலபம். தகட்டுக்கு அடியில் ஆலையில் கூட நின்றவர்களின் முகங்கள் வந்தன. கூடப் படித்தவள் ஒருத்தி வந்தாள். லோசான் பெயரைப் படிக்காமல் சுரண்டப் பழகிக்கொண்டான். தெருவில் போகிறவர்கள் பார்த்தார்கள். ஒருத்தன், "நல்ல சம்பளமா லோசான்?" என்றான். லோசான் அடுத்த கம்பத்துக்குப் போனான்.

மில்கோவின் தாளைக் கடைசியாக வைத்தான். ரொட்டிக் கடையில் வெந்நீர் வாங்கித் துணியை நனைத்து ஒற்றி ஒற்றி, மூலை கிழியாமல் முழுசாக உரித்தான். அரை மணி நேரம் ஆயிற்று. லியூபென் தூரத்தில் நின்று கடிகாரத்தைப் பார்த்தான். லோசான் தாளைச் செய்தித்தாளில் சுற்றி வெலிகா வீட்டுக்கு எடுத்துப் போனான். இது மரியாதை என்று அவன் நினைத்தான்.

வெலிகா வாசலில் நின்றே பிரித்துப் பார்த்தாள்.

"எதுக்குக் கொண்டு வந்த?"

"கிழியக் கூடாதுன்னுதான். வியாழக்கிழமை அவங்க போனதும் நானே ஒட்டித் தரேன்."

"வீட்டுக்கு எடுத்துட்டு வந்துட்டியே லோசாண்ணே. நாப்பது நாள் வரைக்கும் உயிர் இங்கதான் சுத்தும்னு பாதிரியார் சொல்றார். அங்க இருந்து வழி தெரியாம வந்திருக்கு. வந்து கம்பத்தப் பாத்தா, நம்ம பேரே இந்த ஊர்ல இல்லையேன்னு நினைக்காதா?"

"ரெண்டு நாள்தான் வெலிகா."

"உனக்கு ரெண்டு நாள்."

அவள் கதவைச் சாத்தினாள். அறைந்து சாத்தவில்லை. அறைந்திருந்தால் லோசானுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

வியாழக்கிழமை காலையில் தூறல். விருந்தாளிகள் நகராட்சியிலிருந்து ரொட்டிக் கடை வரைக்கும் நடந்து வருவார்கள், வழியில் கூட்டுகிறவர்களோடு நாலு வார்த்தை பேசுவார்கள் என்று ஏற்பாடு. லோசான் ரொட்டிக் கடை எதிரே விளக்குமாற்றோடு நின்றான். ஒன்பதரை மணிக்கு வெலிகா வந்தாள். ஒரு கையில் மாவுப்பசைச் சட்டி, கக்கத்தில் தாள் கட்டு. அச்சடித்ததில் மிஞ்சியவை. கம்பத்தில் பசை தடவி மகனை ஒட்டினாள்.

லியூபென் ஓடி வந்தான். வெலிகாவிடம் பேச அவனுக்கு வாய் வரவில்லை. லோசானிடம் வந்தான். "பெரியவரே, வண்டி பாலத்துக்கிட்ட வந்துடுச்சு. இது உங்க கம்பம்."

"நீ எடேன்."

"என் பேர்ல எழுதல. உங்க பேர்லதான் எழுதியிருக்கு. உங்க எட்டு மாசக் குறை தீர இன்னும் இருபத்திரண்டு நாள். யோசிச்சுக்கோங்க."

லோசான் யோசித்தான் என்று சொல்ல முடியாது. வேலிக் கட்டை எரிந்த அடுப்பு ஞாபகம் வந்தது. தகட்டை எடுத்துக்கொண்டு கம்பத்துக்குப் போனான்.

பசை ஈரமாக இருந்ததால் தாள் வழுக்கி, நெற்றிக்குக் குறுக்கே கிழிந்தது. மிச்சத்தைச் சுரண்டினான். வெலிகா தள்ளி நின்று அவன் முடிக்கிற வரை காத்திருந்தாள். பிறகு வந்து பசை தடவி இன்னொன்றை ஒட்டினாள்.

லோசான் அதையும் சுரண்டினான்.

அவள் மூன்றாவதை ஒட்டினாள். லோசான் மறுபடி தகட்டை வைத்தான். கடைக்காரி ரொட்டித் தட்டோடு கதவில் நின்றுவிட்டாள். வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒருவரும் வந்து அவள் கையையும் பிடிக்கவில்லை, இவன் கையையும் பிடிக்கவில்லை. நாலாவதைச் சுரண்டும்போது லோசானின் நகக்கண்ணில் மாவும் காகிதமும் கறுப்பு மையும் அப்பியிருந்தது. மில்கோவின் ஒரு கண் தகட்டில் ஒட்டிக்கொண்டு வந்தது. அவன் அதைக் கால்சட்டையில் துடைத்தான். துடைத்த பிறகுதான் எதைத் துடைத்தோம் என்று தெரிந்தது.

வெலிகா தாள் கட்டைப் பார்த்தாள். ஒன்றுதான் மிச்சம். பசையைத் தொட்ட விரலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"இது வீட்டுக்கு" என்றாள்.

அப்போது கார்கள் வந்தன. மூன்று கறுப்புக் கார். மழைக்குப் பயந்து கண்ணாடியை ஏற்றியிருந்தார்கள். ரொட்டிக் கடையைத் தாண்டின, வேகம் குறையவில்லை. தேங்கியிருந்த தண்ணீர் நடைபாதையில் அடித்தது. சாப்பாடு ஏற்பாடு செய்திருந்த ஹோட்டல் பக்கம் போய்விட்டன.

லியூபென் தொப்பியைக் கழற்றித் திரும்ப மாட்டினான். "இப்ப ஒட்டிக்கங்கம்மா. இனிமே யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க" என்றான்.

வெலிகா அவனைப் பார்க்கவில்லை. சட்டியை எடுத்துக்கொண்டு போனாள். அன்றைக்கு ரொட்டி வாங்கவில்லை.

ஊர் லோசானைத் திட்டவில்லை. பேசுவதை நிறுத்தியது. ரொட்டிக் கடையில் காசை வாங்கிக்கொண்டு ரொட்டியைப் பலகையில் வைத்தார்கள், கையில் கொடுக்கவில்லை. பிதான்காவுக்கு உதவிப் பணம் நின்றுபோயிற்று. லோசான் தன் பங்கு விறகில் இரண்டு கட்டு கட்டித் தள்ளுவண்டியில் அவள் குடிசைக்குக் கொண்டுபோனான்.

"அங்க இறக்கு. வாங்கிட்டதால உன்ன நல்லவன்னு சொல்லிட்டேன்னு நெனச்சுக்காத. பிள்ளைங்களுக்கு இருமல். அதனால வாங்குறேன்" என்றாள்.

"நான் ஒண்ணும் கேக்கலையே."

"கேக்கத்தான் வந்திருக்க அண்ணே. விறகு சாக்கு."

ஒன்பது மாசம் முடிந்தது. ஸோர்னித்சா முத்திரை குத்திய சான்றிதழை மேஜைமேல் அவன் பக்கம் திருப்பி வைத்தாள். "இத பென்ஷன் அலுவலகத்துல குடுங்க. அடுத்த மாசத்துல இருந்து வந்துடும். நல்லபடியா முடிச்சிட்டீங்க, எனக்கு ரொம்ப சந்தோஷம்."

லோசான் எழுந்திருக்கவில்லை. "பிதான்காவுக்கு ஒரு வழி பண்ண முடியாதா?"

"அவங்க வேலைய மறுத்தாங்க. சட்டம் அப்படி."

"அவ மறுத்தது வேலைய இல்ல."

ஸோர்னித்சா பேனாவை மூடினாள். நடந்தது அவளுக்கும் தெரியும், சின்ன ஊர். குரலைத் தணித்துக்கொண்டாள். "அத மனசுல வெச்சுக்காதீங்க. உத்தரவு வந்துச்சு, செஞ்சீங்க. உங்க சம்சாரம் படுத்திருக்காங்க. நீங்க இல்லேன்னா வேற யாராவது சுரண்டியிருப்பாங்க. உங்க இடத்துல யார் இருந்தாலும் அதத்தான் செஞ்சிருப்பாங்க."

"பிதான்கா செய்யலையே."

"அதனால அவங்களுக்கு என்ன கிடைச்சுது?"

"ஒண்ணும் கிடைக்கல."

"அப்ப நீங்க செஞ்சது சரிதானே?"

லோசான் தாளை நாலாக மடித்துச் சட்டைக்குள் வைத்தான். "நீ படிச்ச பொண்ணு. நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றான். நம்பினவன் குரல் இல்லை அது.

படியில் அடுத்த குழுவுக்குப் பெயர் கொடுக்க வந்தவர்கள் நின்றார்கள். ஒருத்தன் அவனை நிறுத்தி, "வேலை எப்படிண்ணே, கஷ்டமா?" என்று கேட்டான்.

"இல்ல" என்றான் லோசான். "கஷ்டமே இல்ல."

வழிவிடச் சொல்லி, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கிப் போனான்.