பெருவிரல் துவாரம்

கொழும்பிலிருந்து டை கட்டிக்கொண்டு வந்த கழுத்துப்பட்டிக்காரன் டொக்டர் துஷாந்தனின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். அந்த நிமிடத்திலிருந்து மில்ரனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. மருந்து விற்க, மெஷின் விற்க என்று ஆஸ்பத்திரிக்கு எத்தனையோ பேர் வருவார்கள். அவர்களெல்லாம் கதவைத் திறந்து வைத்துக்கொண்டுதான் பல்லிளிப்பார்கள். சாத்திக்கொண்டு பேசுகிறவனுக்கு வேறு அலுவல் இருக்கவேண்டும்.

மில்ரன் அந்த ஆஸ்பத்திரியில் உபகரணங்கள் திருத்துகிறவன். சத்திரசிகிச்சைக் கூடத்துக்குப் பின்னால் அவனுக்கென்று ஒரு வேலை அறை உண்டு. அன்றைக்கு அந்த அறையில் இருக்க முடியாமல், ஒரு காரியமும் இல்லாமல் விறாந்தையில் மேலும் கீழும் நடந்தான். டொக்டருடைய அறையின் யன்னல் சீலை கொஞ்சம் விலகியிருந்தது. மேசையில் பச்சைத் துணி விரித்து, அதன்மேல் அந்தப் பித்தளைக் கைபிடியை வைத்திருந்தார்கள். கழுத்துப்பட்டிக்காரன் அதைப் புரட்டிப் புரட்டிப் போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தான்.

சரி, விற்றாயிற்று என்று மில்ரன் முடிவுகட்டினான்.

அது அவனும் டொக்டரும் சேர்ந்து செய்த கைபிடி. வயிற்றைத் திறந்து செய்கிற சத்திரசிகிச்சையில் இரத்தமும் சீழும் ஊறிக்கொண்டே இருக்கும். ஒரு குழாய் அதை உறிஞ்சி எடுக்க, பக்கத்தில் நிற்கிற தாதி சேலைன் தண்ணீரை ஊற்றிக் கழுவிக் கொடுக்கவேண்டும். தாதிமார் போதாத ஆஸ்பத்திரியில் டொக்டரின் இரண்டு கைக்கும் நாலு வேலை. போதாததற்கு அந்தக் குழாய் இருக்கிறதே, அது சீழையும் உறிஞ்சும், பக்கத்தில் கிடக்கிற குடலையும் கவ்வும். கவ்வினால் இலேசில் விடாது. ஒருநாள் அப்படிக் கவ்விய குழாயோடு மல்லுக்கட்டிவிட்டு, வியர்த்து விறுவிறுத்து மில்ரனின் அறைக்கு வந்த டொக்டர் அதை மேசையில் எறிந்தார்.

"இந்தச் சனியனைக் கண்டுபிடிச்சவன் ஆம்பிட்டானெண்டா நல்லா உதைப்பன்" என்றார்.

"உதைக்கிறது கிடக்கட்டும் டொக்டர். விரலை எடுத்தவுடன விடுற மாதிரி, தண்ணியும் அதுக்குள்ளாலயே வாற மாதிரிச் செய்யேலாதோ?" என்றான் மில்ரன்.

அங்கே தொடங்கியது. சுட்டுவிரலால் ஒரு சைக்கிள் வால்வை அமத்தினால் தண்ணீர் வரும். பெருவிரலுக்குக் கீழே ஒரு துவாரம். அதை மூடினால் உறிஞ்சும், விரலை எடுத்தால் துவாரத்தால் காற்று உள்ளே போய், நுனி கவ்வியதை விட்டுவிடும். கேட்பதற்கு என்னவோ சுகம்தான். துவாரம் பெரிதானால் உறிஞ்சலில் பலமில்லை, சிறிதானால் விரலை எடுத்த பிறகும் விடாப்பிடி. இறைச்சிக்கடை பைசர் கொடுத்துவிட்ட ஆட்டுக்குடல்களை வாளி வாளியாக நாசமாக்கித்தான் சரியான அளவைப் பிடித்தார்கள். மூன்று மில்லிமீற்றர். பிடித்த அன்று டொக்டர் அவனைக் கட்டிப்பிடித்தார். அவருடைய சேட்டில் ஆட்டுக்குடல் மணத்தது.

அப்படிப்பட்ட மனிதனைச் சந்தேகிக்கலாமா என்றால், மில்ரனைச் சொல்லியும் குற்றமில்லை. முன்பு ஒருதரம் சேலைன் போத்தல்களைச் சூடாக்கி வைக்க ஒரு பெட்டி செய்திருந்தான். அதற்குக் கிடைத்த கேடயத்தைக் கண்காட்சி மேடையில் வேறொரு அதிகாரி வாங்கினார். பெட்டி அவனுடையது, பேப்பரில் வந்த சிரிப்பு அவருடையது. அன்றிலிருந்து படித்தவர்கள் கைகுலுக்கினால் விரல்கள் எல்லாம் இருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்கிற சுபாவம் அவனுக்கு வந்துவிட்டது.

வீட்டில் மனைவி டிலோஜினி இறால் உரித்துக்கொண்டிருந்தாள். கதவைச் சாத்திய கதையைக் கேட்டுவிட்டு அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இஞ்சேருங்கோ, அவரை நேர கேளுங்கோவன். வாயை வாடகைக்கோ குடுத்திருக்கிறியள்?"

"கேட்டா உண்மையைச் சொல்லுவாரோ?"

"சொல்லமாட்டாரெண்டு எப்பிடித் தெரியும்? நீங்கள்தான் கேக்கேல்லையே."

சந்தேகப்படுகிறவர்கள் எங்கே கேட்கிறார்கள்! கேட்டால் பதில் வந்துவிடும், பிறகு எதைப் போட்டு மென்றுகொண்டிருப்பது? மில்ரன் கேட்கவில்லை. பதிலாக டொக்டரைக் கண்கொத்திப் பாம்பு மாதிரிக் கவனித்தான். போன் வந்தால் அவர் வெளியே போய் வேப்ப மரத்தடியில் நின்று பேசுகிறார். அந்த ஆஸ்பத்திரியில் வேப்ப மரத்தடியில் மட்டும்தான் சிக்னல் கிடைக்கும் என்பது மில்ரனுக்கும் தெரியும். தெரிந்தும், 'அதுக்கு ஏன் முதுகைக் காட்டிக்கொண்டு கதைக்கிறார்?' என்று பிடித்துக்கொண்டான்.

இரண்டொரு நாளில் டொக்டரே அவனிடம் வந்தார்.

"மில்ரன், கைபிடியின்ர உள்பக்கத்தை அளவுகளோட ஒரு படம் கீறித் தாங்கோ. அண்டைக்கு வந்த ஆளின்ர வேலைத்தளத்தில உருக்கில ஒண்டு செய்விக்கிறன். புதுக் கண்டுபிடிப்புகளைப் பாக்கிற குழு ஒண்டு கொழும்பில கூடுது. அவைக்கு முன்னால செய்து காட்டவேணும். சைக்கிள் வால்வு வைச்ச இந்தப் பித்தளையைக் கொண்டு போனா, கிருமி போக அவிச்சா தாங்குமோ எண்டு முதல் கேள்வியே அதாத்தான் வரும்."

"நானும் வரட்டோ டொக்டர்?"

"நீங்கள் இஞ்ச நிண்டாத்தான் நல்லம். மயக்க மெஷின் எந்த நேரம் குழப்படி செய்யுமெண்டு தெரியாது. தடுமாறினா வேற ஆர் இருக்கினம்? றஞ்சிதா மிஸியைக் கூட்டிக்கொண்டு போறன்."

மயக்க மெஷின் குழப்படிக்காரன்தான், அதில் பொய்யில்லை. ஆனால் மில்ரனின் காதில் விழுந்தது ஒன்றே ஒன்றுதான்: படத்தைத் தா, நீ வராதே.

மில்ரனின் ஊரான ஓலைத்தொடுவாயில் கடலுக்குப் போகிறவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. கரையில் தெரிகிற இரண்டு அடையாளங்களை ஒரே நேரில் வைத்துத்தான் கடலில் ஓர் இடத்தை மனதில் குறித்துக்கொள்வார்கள். கோயில் கோபுரமும் தண்ணீர்த் தாங்கியும் நேர்ப்படுகிற இடம் என்பது போல. வள்ளம் நிறைய மீனோடு வந்தவனிடம் எங்கே பட்டது என்று கேட்டால், கூசாமல் ஓர் அடையாளத்தை மாற்றிச் சொல்வான். அது பொய்க் கணக்கில் சேராது. பாவசங்கீர்த்தனத்தில்கூட அதைச் சொல்லி எவனும் சுவாமியாரை மினக்கெடுத்துவதில்லை. கேட்டவனுக்கும் அது பிழையென்று தெரியும், சிரித்துக்கொண்டு போய்த் தானே வலையை இறக்கிப் பார்ப்பான். மில்ரனின் தகப்பன் சந்தியோகு கூடப்பிறந்த தம்பிக்கே அப்படித்தான் சொல்லுவார். தம்பியும் அவருக்கு அப்படித்தான்.

மில்ரன் படத்தைக் கீறினான். அழகான படம். வால்வு சரி, குழாய்களின் அளவு சரி, வளைவு சரி. பெருவிரல் துவாரத்துக்கு வந்ததும் பென்சில் சற்றே நின்றது. மூன்று மில்லிமீற்றர் இருக்கவேண்டிய இடத்தில் ஒன்றரை என்று எழுதினான்.

அவன் போட்ட கணக்கு இதுதான். உருக்குக் கைபிடி வந்ததும் டொக்டர் தண்ணீரில் விட்டுப் பார்ப்பார். விரலை எடுத்தாலும் விடாது. தலையைச் சொறிவார், போன் எடுப்பார். 'மில்ரன், நீங்கள் இல்லாமச் சரிவராது, உடன வாங்கோ' என்பார். பிறகு அவனுடைய பெயரை ஒளிக்க எவனாலும் முடியாது. இதில் யாருக்கும் கெடுதல் இல்லையே என்று தன்னையே சமாதானப்படுத்தினான். அன்றைக்கு நன்றாகச் சாப்பிட்டான்கூட.

டொக்டர் கொழும்புக்குப் போன பிறகு மில்ரன் வேலை அறையை விட்டுவிட்டு வேப்ப மரத்தடியிலேயே நின்றான். போன் வரவில்லை. மயக்க மெஷினும், அவனைப் பழிவாங்குகிற மாதிரி, ஒரு குழப்படியும் செய்யாமல் ஓடிக்கொண்டிருந்தது. டொக்டர் போன் எடுக்கவில்லை என்றால் என்ன அர்த்தம்? துவாரத்தின் சூட்சுமத்தை டொக்டர் தானே கண்டுபிடித்துத் திருத்திவிட்டாரா? அப்படியென்றால் முழுசாக விழுங்கி ஏப்பம் விட்டிருப்பார்.

டொக்டரோடு போன தாதி றஞ்சிதா மிஸி வேலைக்குத் திரும்பியதும் நேராக அவனுடைய அறைக்குத்தான் வந்தார். கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார். முகம் சரியில்லை.

"எல்லாம் பாழாப் போச்சுது மில்ரன்" என்றார்.

"என்ன மிஸி, என்ன நடந்தது?"

"உருக்குச் சாமான் அண்டைக்கு விடியத்தான் கைக்கு வந்தது. ஒருக்கா தண்ணியில விட்டுப் பாப்பமோ டொக்டர் எண்டு நான் கேட்டனான். 'மில்ரன் கீறின படம், பாக்கத் தேவையில்ல' எண்டிட்டார். அவ்வளவு பெரிய ஆக்களுக்கு முன்னால ஆட்டுக்குடலை வைச்சு உறிஞ்சிக் காட்டினார். 'இப்ப பாருங்கோ, விரலை எடுத்தா விட்டிடும்' எண்டு சொல்லி விரலை எடுத்தார். விடேல்ல. இழுத்தார். குடல் கிழிஞ்சு போச்சுது. பின்னால இருந்த ஒருத்தர் சிரிச்சவர். எனக்கு அந்த இடத்தில செத்திடலாம் போல இருந்தது."

மிஸி நிறுத்தவில்லை.

"தொடக்கத்தில திரையில முதல் படமா உங்கட படத்தைத்தான் போட்டவர், தெரியுமோ? நீங்கள் லேத்தில நிக்கிற படம். 'இது மில்ரன் செய்தது, நான் அதைப் பாவிக்கிற ஆள் மட்டும்தான்' எண்டு எல்லாருக்கும் சொன்னவர். எனக்குப் பெருமையா இருந்தது. பிறகு குடல் கிழிஞ்சதும் ஒராள் எழும்பி, 'அப்ப இந்த அளவு ஆற்ற வேலை? உங்கட ஆளின்ரயோ?' எண்டு கேட்டார். இல்ல, அளவு நான் சொன்னது, பிழை என்னில எண்டிட்டார். உங்கட பேரை மட்டும் காப்பாத்திப்போட்டார் மனுசன்."

மிஸி எழுந்து போனபிறகு மில்ரனுக்கு வெட்கம் காதுமடல்வரை ஏறிச் சுட்டது. திரையில் தன் முகம் தெரிந்ததையும், அந்த முகத்துக்கு முன்னால் குடல் கிழிந்ததையும் நினைக்க நினைக்க எங்கேயாவது போய் ஒளிந்துகொள்ளலாம் போல இருந்தது. ஓடவும் முடியவில்லை. சற்று நேரத்தில் டொக்டரே வாசலில் வந்து நின்றார். கையில் பச்சைத் துணிச் சுருள்.

சுருளைப் பிரித்து உருக்குக் கைபிடியை மேசையில் வைத்தார். அது பளபளவென்று இருந்தது. பித்தளையைவிட நூறு மடங்கு வடிவு.

"எனக்கு ஒண்டும் பிடிபடேல்ல மில்ரன். வழியெல்லாம் யோசிச்சுக்கொண்டு வந்தன். ஒருவேளை வேலைத்தளத்துக்கு நான்தான் ஏதும் மாறிச் சொன்னனோ தெரியேல்ல. எங்க பிழைச்சதெண்டு ஒருக்காப் பாருங்கோ."

"பெருவிரல் துவாரம் டொக்டர். மூண்டு மில்லிமீற்றர் இருக்கவேணும். இது ஒண்டரை."

சொல்லி முடித்த பிறகுதான் மில்ரனுக்கு உறைத்தது. டொக்டரின் பார்வை கைபிடிக்குப் போய், அங்கிருந்து அவனுடைய கைகளுக்கு வந்தது. இரண்டு கைகளும் மடியில் இருந்தன.

"நீங்கள் அதை இன்னும் தொடவே இல்லையே" என்றார் டொக்டர்.

மில்ரன் எல்லாவற்றையும் சொன்னான். சாத்திய கதவு, கழுத்துப்பட்டிக்காரன், வேப்ப மரம், கேடயம், கடைசியில் கடலில் இடம் மாற்றிச் சொல்கிற வழக்கம். அந்தக் கடைசி விஷயத்தைச் சொல்லும்போது அவனுக்கே தன் குரல் சகிக்கவில்லை. டொக்டரின் முகம் கொஞ்சம் கொஞ்சமாகச் சிவந்துகொண்டு வந்தது.

"அந்த ஆள் குளிர்காத்து மெஷின் போட்டுக் கதையுங்கோ, வேர்க்குது எண்டான். அதாலதான் கதவைச் சாத்தினது" என்றார். பிறகு, "என்னைக் கள்ளனெண்டு நினைச்சிருக்கிறியள்" என்றார்.

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ டொக்டர்."

"நான் பெரியமடுவான், மில்ரன். வயல் செய்யிற ஊர். குளத்தில எவ்வளவு தண்ணி நிக்குது எண்டு ஒருத்தன் கேட்டா உள்ளதைத்தான் சொல்லுவினம். மாறிச் சொன்னா ஊர் முழுக்கப் பயிர் கருகும். ஒராள் அளவைக் கீறித் தந்தா அதில பொய் இருக்குமெண்டு எனக்கு எப்பிடித் தெரியும்?" அவருடைய குரல் உயர்ந்தது. "அண்டைக்கு அது ஆட்டுக்குடல். கொழும்புக்குப் போகாம நேர ஒப்பரேஷன் தியேட்டருக்குக் கொண்டு வந்திருந்தனெண்டா? பாக்காமத்தான் வயித்துக்குள்ள விட்டிருப்பன். ஒரு தாயின்ரயோ தகப்பன்ரயோ குடல், மில்ரன்."

மில்ரனுக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படி ஒன்று நடந்திருக்கலாம் என்பது படம் கீறிய அன்று அவனுடைய புத்திக்கு எட்டவே இல்லை. கடலில் பிழையான இடத்துக்குப் போகிறவனுக்கு வலைதான் வெறுமையாக வரும்.

டொக்டர் உருக்குக் கைபிடியை அவன் பக்கம் தள்ளினார். குரல் தணிந்திருந்தது.

"திருத்திக்கொண்டு திரும்ப வரச் சொல்லியிருக்கினம். இந்தமுறை நீங்களும் வாறியள். உங்கட பேர்தான் முதல்ல. நான் அதை மாத்தமாட்டன், அது உங்களுக்குரியது. இப்ப துவாரத்தைப் பெருப்பியுங்கோ."

மில்ரன் கைபிடியை மேசை இடுக்கியில் இறுக்கித் துவாரத்தைத் துளைத்தான். உருக்கு கிறீச்சிட்டது. தூளை ஊதிவிட்டு, ஓரங்களை மினுக்கி, குழாயைப் பொருத்தி வாளித் தண்ணீரில் விட்டான். தண்ணீரில் ஒரு இறப்பர்க் கையுறையின் விரலைப் போட்டுக் காட்டினான். பெருவிரலால் மூடினான், கவ்வியது. எடுத்தான், பட்டென்று விட்டது. மறுபடியும் மூடி எடுத்தான், மறுபடியும் விட்டது. அவர்கள் இத்தனை காலமும் தேடியது அதுதான்.

"மூண்டு மில்லிமீற்றர், டொக்டர்" என்று நீட்டினான்.

டொக்டர் அதை வாங்கித் துணியால் துடைத்தார். பிறகு மேசையில் கிடந்த வேணியர் அளவுகோலை எடுத்து, அதன் கூர் முனைகளைத் துவாரத்துக்குள் விட்டு விரித்து, வெளிச்சத்தில் பிடித்துக் கண்ணைச் சுருக்கி வாசித்தார். மில்ரன் அளந்து கொடுத்த எதையும் அவர் அதற்கு முன்பு ஒருநாளும் அளந்து பார்த்ததில்லை.

"ஓம், மூண்டுதான்" என்றார்.