சொர்ணலதா எந்தத் தலைப்பில் வருவாள்

எந்தத் தலைப்பிலும் சேராத காகிதம் தரையில் நிற்காது. நஞ்சனகூடு ரோட்டுச் சரக்குக் கிடங்கில் வெங்காய விலை மாதிரி எல்லோருக்கும் தெரிந்த விஷயம் இது. வெளிநாட்டிலிருந்து வந்த கண்டெய்னரின் கதவைத் திறந்ததும், சுங்கவரிப் பட்டியலில் தலைப்பு கிடைக்காத டிஷ்யூ பெட்டிகள் மெல்ல மிதந்துபோய்த் தகரக் கூரையில் ஒட்டிக்கொள்ளும். சுங்க ஏஜெண்ட் ஆபீசிலிருந்து சொர்ணலதா ஸ்கூட்டரில் வருவாள். ஏணியில் ஏறி ஒரு சுருளை உருவி அகலம் பார்ப்பாள். முப்பத்தாறு சென்டிமீட்டரைத் தாண்டினால் ஆலைச் சரக்கு. அடங்கினால் வீட்டுச் சரக்கு. வீட்டுச் சரக்கென்றால் எதைத் துடைக்க என்று யோசிப்பாள். முகமா, கையா, சாப்பாட்டு மேசையா, இல்லை சொல்லக் கூச்சப்படும் அந்த இடமா? முடிவு செய்து தலைப்பைச் சத்தமாகச் சொன்னதும் பெட்டிகள் பொத்துப்பொத்தென்று விழும். லோடுமேன் ஜடையன் வெற்றிலையை மென்றபடி ஓரடி தள்ளி நின்றுகொள்வான். ஒன்றும் பிடிபடாத சரக்குக்கு 'மற்றவை' என்றொரு தலைப்பு உண்டு. அதில் போட்டால் தரைக்கு ஒரு சாண் மேலே வந்து நின்றுவிடும். தள்ளுவதற்கு அதுதான் சுகம் என்பான் ஜடையன்.

காகிதத்துக்கு மட்டும்தான் இந்தச் சட்டம் என்று சொர்ணலதா நினைத்திருந்தாள். அங்கேதான் வினை. பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் எண் தட்டுகிற சுதர்ஷனுக்கும் அவளுக்கும் மூன்று வருஷமாகப் பழக்கம். அவன் சரஸ்வதிபுரத்து ரயில்வே குடும்பம், ஐயர் வீடு. இவள் கௌதள்ளி கிராமத்தில் ராகியும் மஞ்சளும் விளைவிக்கிற வீட்டுப் பெண். அவன் அம்மா காமாக்ஷி இவளை விரட்டவும் இல்லை, இன்னார் என்று சொல்லவும் இல்லை. பால்காரரிடம் 'ஆபீஸ் பொண்ணு', பக்கத்து வீட்டாரிடம் 'தெரிஞ்சவா', கோயிலில் கேட்டவர்களிடம் 'லிஃப்ட் குடுக்க வந்தா'. சுதர்ஷனுக்கோ வாயில் கொழுக்கட்டை. ஒவ்வொரு தடவையும் சொர்ணலதாவின் கால் தரையை விட்டுக் கொஞ்சம் எழும்பியது. செருப்பு தேயாமல் இருந்தபோது நல்ல கம்பெனிச் செருப்பு என்று சந்தோஷப்பட்டாள். அப்புறம் புரிந்தது; அழுதாள். கௌதள்ளியிலிருந்து அம்மா பாப்பாயி, "வேளைக்குத் திங்கறதில்ல, அதான் காத்தாட்டம் போறே" என்று போனில் திட்டி, ராகி மூட்டையை பஸ்ஸில் ஏற்றிவிட்டாள். அதில் ஐந்து கிலோவைக் கைப்பையில் போட்டுக்கொண்டு சொர்ணலதா ஒழுங்காக நடமாடினாள்.

இந்தத் தசராவில் கொலு பார்க்கப் போனவள், பொம்மைகளை நமஸ்கரிக்க வேண்டுமே என்று மரியாதைக்குக் கைப்பையைக் கழற்றி வாசலில் வைத்தாள். அவ்வளவுதான். குனியப் போனவள் நேரே மேலே போனாள். சுதர்ஷன் ஓடிப்போய் ஃபேனை நிறுத்தினான். அன்று அவன் செய்த ஒரே காரியம் அது. காமாக்ஷி தன் ஒன்பது கஜப் புடவையை எடுத்து ஒரு நுனியை அவள் இடுப்புக்கு வீசி, மறுநுனியை ஜன்னல் கம்பியில் கட்டினார். அது பழைய வீடு. கூரையில் வெளிச்சத்துக்கு விட்ட கண்ணாடியைக் குரங்கு உடைத்து மாசக்கணக்காகிறது. சொர்ணலதா அந்த ஓட்டையைப் பார்த்து நகர்ந்துகொண்டிருந்தாள். அதற்கு அப்பால் வானம்தான்.

அந்த நேரம் பார்த்து எதிர்வீட்டு பசம்மா குங்குமம் வாங்கிக்கொள்ள வந்தார். நிமிர்ந்து பார்த்து, மேலே இருப்பது யார் என்று கன்னடத்தில் விசாரித்தார்.

"சுதர்ஷன் ஆபீஸ்" என்றார் காமாக்ஷி. சொர்ணலதா ஒரு முழம் ஏறினாள்.

"ஃப்ரெண்ட்தான், வேறொண்ணும் இல்லை" என்று சேர்த்துக்கொண்டார். முடிச்சு நெகிழ்ந்தது. ஓட்டையில் தலை போய்விட்டது. சுதர்ஷன் கொலுப்படி ஓரத்தில் நின்று சுண்டலைக் கிளறிக்கொண்டிருந்தான்.

சொர்ணலதா பயத்தில் ஓட்டை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். ஆனாலும் தொழில் தொழில்தானே. "ஆன்ட்டி, எதையாச்சும் ஒண்ணச் சொல்லிப்போடுங்க. மத்தவைன்னு ஒரு தலைப்பு இருக்குதுங்க, அதுலன்னாலும் போடுங்க. கீழ வந்து பேசிக்கலாம்" என்றாள்.

காமாக்ஷிக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. தான் பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்தவை அந்தக் கொலுப் பொம்மைகள். பெற்ற பிள்ளையைக்கூடத் தொட விடமாட்டார். வருஷாவருஷம் கொலு முடிந்ததும், ஆபீஸில் மிஞ்சிய டிஷ்யூ மாதிரிச் சுருள்களைக் கொண்டுவந்து, ஒரு மூக்கு நுனி உடையாமல் சுற்றிப் பெட்டியில் அடுக்குகிறவள் இவள்தான். அந்தச் சுருளுக்கு உலகத்தில் வேறு உபயோகமும் உண்டென்பது காமாக்ஷிக்கு இன்றுவரை தெரியாது.

"மத்தவையா? என்னடி பேசறே! எங்காத்துப் பொம்மையெல்லாம் சுத்தி வைக்கறவ மத்தவையா? பசம்மா, கேட்டுக்கோங்கோ, இவ எங்காத்து மாட்டுப்பொண்ணு!"

பொத். சிவப்புத் தரையில் விரிசல் விட்டது. பொம்மை ஒன்றுகூட அசையவில்லை. "பாத்து எறங்கப்படாதோடி" என்று கடிந்துகொண்டே காமாக்ஷி அவள் முழங்காலைத் தேய்த்துவிட்டார். கண் மட்டும் கலங்கியிருந்தது. பசம்மா வெற்றிலை பாக்கு வாங்கிக்கொண்டு, பழைய வீடென்றால் தரை விரிசல் விடத்தான் செய்யும் என்று சொல்லிப் போனார்.

கல்யாணத் தேதி இன்னும் குறிக்கவில்லை. அவ்வளவு நேரமும் வாயே திறக்காத சுதர்ஷனை எந்தத் தலைப்பில் போடுவது என்று சொர்ணலதா யோசித்துக்கொண்டிருக்கிறாள். இப்போதெல்லாம் அவன் ஆபீஸுக்கு ராகிப் பையோடுதான் வருகிறான். ஜடையன் அவனைப் பார்த்ததும் ஓரடி தள்ளி நின்றுகொள்கிறான். சொர்ணலதா அவசரப்படவில்லை.