முப்பத்தாறு கட்டங்கள்

சங்கரிக்குப் பேச்சு வராது. ஊமை இல்லை, நாலு பேர் முன்னால் வாயைத் திறந்தால் தொண்டை அடைத்துக்கொள்ளும், அவ்வளவுதான். அதனாலேயே அவளுக்கு மறதியும் வராது. பேசித் தீர்த்துவிடுகிறவர்களுக்குத்தான் மறதி. சொல்லாமல் வைத்துக்கொண்டதெல்லாம் அவளிடம் போட்டது போட்டபடி இருந்தது.

அதில் எல்லாவற்றுக்கும் மேலே இருந்தவர் ஆனந்தகுமார் சார்.

ஏழு வருஷத்துக்கு முன்னால், அவள் பி.எஸ்ஸி. கணிதம் இரண்டாம் ஆண்டு படித்தபோது, ஆங்கிலப் பாடம் எடுத்தவர் அவர். ஆங்கிலக் கவிதையின் வடிவங்களில் ஒன்றைப் பற்றி எழுதி வரச் சொன்னார். வகுப்பே சானெட்டை எழுதியது. பதினாலு அடி, காதல், முடிந்தது வேலை. சங்கரி நூலகத்தில் ஒரு தடிப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டே போனாள். கதைப்பாடல்காரர்கள் வந்தார்கள். நையாண்டிக்காரர்கள் வந்தார்கள். மலையையும் ஆற்றையும் பார்த்து உருகினவர்கள் வந்தார்கள். கடைசியில் ஓசையும் வேண்டாம், அளவும் வேண்டாம் என்று எல்லாக் கட்டையும் அவிழ்த்துவிட்டவர்கள் வந்தார்கள். யாரும் அவளைப் பிடித்து நிறுத்தவில்லை. செஸ்டினா நிறுத்தியது.

தெற்கு பிரான்சின் பாட்டுக்காரர்கள் உண்டாக்கிய வடிவம் அது. ஆங்கிலத்துக்கு வந்து, நெடுங்காலம் தூங்கி, அவிழ்த்துவிட்டவர்கள் காலத்திலேயே மறுபடி எழுந்துகொண்டது. ஆறு பத்தி, பத்திக்கு ஆறு அடி, கடைசியில் மூன்றடியில் ஒரு முடிப்பு. முதல் பத்தியில் அடிகளின் கடைசியில் நிற்கிற ஆறு சொற்களே மற்ற பத்திகளிலும் அடிக் கடைசியில் நிற்க வேண்டும்; வரிசை மட்டும் மாறும். அதிலும் ஒரு கண்டிப்பு. ஒரு பத்தி எந்தச் சொல்லில் முடிகிறதோ, அடுத்த பத்தியின் முதல் அடி அதே சொல்லில் முடிய வேண்டும்.

சங்கரிக்கு அது கவிதையாகவே தெரியவில்லை. சேலைக் கரையாகத் தெரிந்தது. கிராஃப் தாள் எடுத்தாள். ஆறு சொல்லுக்கு ஆறு நிறம்: அரக்கு, மாம்பழ மஞ்சள், கிளிப்பச்சை, மயில்கழுத்து, வெங்காயத்தோல், கருப்பு. பத்திக்கு ஒரு வரிசையாக முப்பத்தாறு கட்டங்கள். எண் போடவில்லை, குறிப்பு எழுதவில்லை. அப்பா குமாரவேலின் தறிக்கு வரும் டிசைன் தாளில் யார் குறிப்பு எழுதுகிறார்கள்?

ஆனந்தகுமார் அவளை ஆசிரியர் அறைக்குக் கூப்பிட்டார்.

"எந்த வெப்சைட்லேர்ந்து சுட்டே?"

"நானே போட்டது சார்."

"மேத்ஸ் ஸ்டூடண்ட். தறிக்காரர் பொண்ணு. எங்க டிபார்ட்மென்ட்லயே பாதிப் பேருக்குத் தெரியாத செஸ்டினா உனக்குத் தெரிஞ்சிடுச்சா?" ஒரு தாளை எடுத்து மேஜையில் போட்டார். "எழுது. இந்த அட்டவணை என்னுடையது அல்ல, மன்னிக்கவும்னு. உக்காராதே. நின்னுக்கினே எழுது."

எழுதினாள். படித்துப் பார்த்துக் கிழித்தார். "கையெழுத்து சரியில்ல." இரண்டாவதையும் கிழித்தார். மூன்றாவதைக் கோப்பில் வைத்துக்கொண்டார். மற்ற ஆசிரியர்கள் டீ குடித்துக்கொண்டு பார்த்தார்கள். அட்டவணை அவரிடமே தங்கிவிட்டது. அவளுக்குப் பூஜ்யம்.

இப்போது சங்கரி பிள்ளையார்பாளையத்தில் ஒரு டிசைன் சென்டரில், சேலைக் கரைகளைக் கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாகப் போடுகிற வேலையில் இருந்தாள். போன மாதம் ஸ்ரீவல்லி வந்தாள். கூடப் படித்தவள், அதே கல்லூரியில் இப்போது ஆங்கிலம் எடுக்கிறாள்.

"ஆனந்தகுமார் சார் புக் போடறாருப்பா. ஆங்கிலக் கவிதை வரலாறு, தமிழ்ல. அதுல இந்த சார்ட் வரணும். கொஞ்சம் நீட்டா கலர் போட்டுக் குடேன்."

ஸ்ரீவல்லி செல்போனில் அந்தப் பக்கங்களின் படத்தைக் காட்டினாள்; சங்கரி போட்ட அதே அட்டவணை. அரக்கு, மாம்பழ மஞ்சள், கிளிப்பச்சை. ஓரத்தில் புதிதாக அவர் கையெழுத்தில், "முதல் பத்தி" என்று ஓர் அம்புக்குறி. அம்பு மேல் வரிசையைக் காட்டியது.

எதிர்ப்பக்கத்தில் அந்த அட்டவணைப்படி அவரே இயற்றிய தமிழ்ச் செஸ்டினா. சங்கரி அதை இரண்டு முறை படித்தாள். முதல் பத்தி 'மழை' என்று முடிந்தது. இரண்டாம் பத்தியின் முதல் அடி 'கதவு' என்று முடிந்தது.

என்னுடையது என்று சொல்ல முடியாது. என்னுடையது அல்ல என்று எழுதிக் கொடுத்த தாள் அவரிடம் இருக்கிறது. ஆனால் சொல்லாமல் இருக்க முடியும். அதில் அவளுக்கு நல்ல பழக்கம்.

"தப்பு ஏதாச்சும் இருக்குதா?" என்றாள் ஸ்ரீவல்லி.

"ஒரு கட்டம்கூட தப்பு இல்ல" என்றாள் சங்கரி. அம்புக்குறியை இன்னும் கொஞ்சம் தடிமனாகப் போட்டுக் கொடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை, நெசவாளர் சங்க மண்டபத்தில் வெளியீட்டு விழா. முன்வரிசைகளில் கல்லூரிக்காரர்கள். பின்னால் சங்கத்து ஆட்கள், போண்டா முடிந்தும் போகாமல் உட்கார்ந்திருந்தார்கள். சிறப்பு விருந்தினர் வத்ஸலா, சென்னையில் ஓய்வுபெற்ற ஆங்கிலப் பேராசிரியர். பேச்செல்லாம் முடிந்ததும் கேள்விச் சீட்டு வாங்கினார்கள். முதல் சீட்டை ஸ்ரீவல்லி படித்தாள்.

"முப்பத்திரண்டாம் பக்கத்து அட்டவணையை எங்கிருந்து படிக்க வேண்டும்? மேலிருந்தா, கீழிருந்தா?"

ஆனந்தகுமார் சிரித்தார். "மேலேர்ந்துதான். அம்புக்குறியே போட்டிருக்கேனே. கீழேர்ந்து படிக்க நாம என்ன தலைகீழாவா நிக்கறோம்?"

கூட்டம் சிரித்தது. வத்ஸலா அந்தப் பக்கத்தைத் திறந்தார். விரல் கட்டம் கட்டமாக நகர்ந்து, நின்றது.

"ஆனந்தகுமார், இது ஒட்டலையே. ஒரு பத்தி முடியற நிறத்துல அடுத்தது ஆரம்பிக்கணுமே?"

"பிரஸ்ல தலைகீழா போட்டுட்டாங்க மேடம்."

பின்வரிசையிலிருந்து அப்போதுதான் கைமாறி வந்த இரண்டாவது சீட்டை ஸ்ரீவல்லி பிரித்தாள். கொஞ்சம் தயங்கிவிட்டுப் படித்தாள். "அச்சகத்தின் பிழை என்றால், எதிர்ப்பக்கத்தில் நீங்கள் இயற்றிய செஸ்டினாவிலும் அதே பிழை எப்படி வந்தது?"

பின்வரிசையில் சங்கரி ஆனந்தகுமாரின் நெற்றியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வேர்வை புருவத்தைத் தொடும்வரை பார்த்தாள். இனித்தது.

வத்ஸலா புத்தகத்தை மூடவில்லை. "இந்தச் சார்ட் யார் போட்டது?"

"எங்கிட்ட படிச்ச ஒரு பொண்ணு மேடம்" என்றார் ஆனந்தகுமார் அவசரமாக. "அசைன்மென்ட்ல போட்டுது. அது தப்பா போட்டுடுச்சு. நான் நம்பிட்டேன்."

சங்கரி இதை எதிர்பார்க்கவில்லை. ஏழு வருஷமாக எந்தக் கோப்பில் கிடந்ததோ அந்த உண்மை, அட்டவணை அவள் போட்டது என்பது, ஒலிபெருக்கியில், அவர் வாயாலேயே வந்துவிட்டது. எழுந்து நின்றாள். தொண்டை வழக்கம்போல அடைத்தது. அடைத்ததோடு பேசினாள்.

"தப்பா போடல சார். நாங்க கீழேர்ந்துதான் படிப்போம்."

"ஆமா, பின்ன?" என்று சங்கத்து வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. கங்கையம்மாள், நாற்பது வருஷமாக டிசைன் தாள் பார்த்துத் தறிக்கான அட்டையில் துளை அடிக்கிறவர். "துணி கீழேர்ந்துதானே வளருது? மேலேர்ந்து எறங்க அது என்னா மழையா?"

பின்வரிசைகள் மொத்தமும் சிரித்தன. மேடையில் வத்ஸலாவின் விரல் கீழ்வரிசையில் தொடங்கி, ஒவ்வொன்றாக ஏறி, மேலே போய்ச் சேர்ந்தது. "கச்சிதமா இருக்குது" என்றார், யாரையும் பார்க்காமல்.

சங்கரி மேடையேறினாள். சீட்டு எழுதக் கொண்டுவந்த வெள்ளைத் தாள்கள் பையில் மிச்சம் இருந்தன. ஒன்றை மேஜையில் வைத்து, பேனாவைத் திறந்து அதன்மேல் வைத்தாள்.

"எழுதுங்க சார். இந்த அட்டவணை என்னுடையது அல்ல, மன்னிக்கவும்னு."

ஆனந்தகுமார் வத்ஸலாவைப் பார்த்தார். "எழுதிக் குடுங்க" என்றார் அவர். ஆனந்தகுமார் நாற்காலியை இழுத்தார்.

"உக்காராதீங்க. நின்னுக்கினே எழுதுங்க."

குனிந்து எழுதினார். நாலு வரி. சங்கரி எடுத்து நிதானமாகப் படித்தாள். வாசகம் சரி, அவள் பெயர் சரி, தேதி சரி. தாளை இரண்டாகக் கிழித்தாள். கிழித்ததைச் சேர்த்துவைத்து நாலாகக் கிழித்தாள். இரண்டாவது தாளை எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

"கையெழுத்து சரியில்ல சார்."

பையில் இன்னும் ஒரு தாள் இருந்தது.