அழிக்காத படம்

"உன் வீட்டுக்காரரு எங்க அடுப்படிக்கு எப்போ வந்தாரு?"

போனை எடுத்ததும் ஹாஜரா அக்கா கேட்ட முதல் கேள்வி இதுதான். சலாம்கூட இல்லை. ஜெலுத்தோங் ஃபிளாட்டின் ஏழாவது மாடியில் கெம்போங் மீன் கழுவிக்கொண்டிருந்த மஹ்பூபா, ஈரக் கையோடு போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, என்னக்கா சொல்றீங்க என்றாள். மகள் போனில் ஒரு படம் காட்டினாள் என்றார் ஹாஜரா அக்கா. கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலைப் பக்கம் ஏதோ கண்காட்சியாம். அதன் சுவரில் மூன்றடி உயரத்துக்கு அக்காவின் படம் தொங்குகிறதாம். தலையில் துணி இல்லாமல், ஈர முடியை முன்னால் போட்டு உலர்த்திக்கொண்டிருக்கிறாராம். கீழே, அப்துல் ரசாக் எடுத்தது என்று எழுதியிருக்கிறதாம்.

"நான் கேக்கல மஹ்பூபா. என் மக கேக்குறா. அத்தா மௌத்தாகி நீங்க இத்தா இருந்தப்ப அந்த ஆளு எப்படிம்மா உள்ள வந்தாருன்னு கேக்குறா. நான் என்ன பதில் சொல்லட்டும்?"

மஹ்பூபா வாயைத் திறப்பதற்குள் போன் வைக்கப்பட்டுவிட்டது.

கண்காட்சி இருப்பது அவளுக்குத் தெரியும். மூன்று வாரமாக அவள் கணவர் அப்துல் ரசாக் தன் சட்டையைத் தானே இஸ்திரி போட்டுக்கொண்டு காலையில் கிளம்பிப் போய்க்கொண்டிருந்தார். பள்ளிவாசலில் யாரோ பழைய படங்கள் கேட்டார்கள், கொஞ்சம் தெருப் படம் கொடுத்தேன் என்று சாப்பிடும்போது சொன்னார். ஞாயிற்றுக்கிழமை தன்னைப் பேசச் சொல்லியிருக்கிறார்கள் என்றும் சொன்னார். முப்பது வருடம் துணிக்கடையில் மீட்டர் கட்டையோடு நின்ற மனிதர். ஓய்வு பெற்ற பிறகு நாலு பேர் கூப்பிட்டு உட்கார வைக்கிறார்களே என்று அவளுக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. மீனை அப்படியே பாத்திரத்தோடு ஐஸ்பெட்டிக்குள் தள்ளிவிட்டு, துடோங் தலைத்துணியை மாட்டிக்கொண்டு பஸ் ஏறினாள்.

இரண்டு மாடிக் கடைவீடு ஒன்றைச் சுத்தம் செய்து வெள்ளையடித்து, கீழ்த்தளத்தில் படங்களை மாட்டியிருந்தார்கள். முன்னறையில் தெருவும் வண்டிகளும் மூடிய கடைகளும். இரண்டாவது அறைக்குள் போனதும் மஹ்பூபாவின் கால் நின்றுவிட்டது. அங்கே பெண்கள் இருந்தார்கள். மொத்தம் ஒன்பது படம். அம்மியில் குனிந்தவள், துணி பிழிகிறவள், பிள்ளைக்குப் பால் கொடுத்தபடியே பெட்டி கட்டுகிறவள். எல்லோரும் பள்ளிவாசலுக்குப் பின்சந்தில் வரிசையாக வாடகை வீடுகளில் இருந்தவர்கள். வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் நீக்கப்பட்டதும் வீட்டு உரிமையாளர் நோட்டீஸ் ஒட்ட, இரண்டே வருடத்தில் ஆளுக்கொரு திசையாய்ப் போனவர்கள். நடுச்சுவரில் ஹாஜரா அக்கா. பின்வாசல் வெளிச்சத்தில், சிரிக்கலாமா அழலாமா என்று தெரியாத ஒரு முகத்தோடு, இடுப்பு வரை முடி. சின்னப் படத்தை இழுத்துப் பெரிதாக்கியதில் முடியின் ஓரங்கள் குட்டிக் குட்டிக் கட்டங்களாக உடைந்திருந்தன.

ஒன்பதும் அவள் எடுத்தவை.

இரண்டாயிரத்து ஒன்றில் பாயான் லெப்பாஸ் ஃபேக்டரியில் கொடுத்த போனஸ் முழுவதையும் போட்டு அந்தக் கேமராவை வாங்கினாள். சோப்புப் பெட்டி அளவு, வெள்ளி நிறம், இரண்டு மெகாபிக்சல். பிலிம் போடாத கேமராவில் என்ன படம் வரும் என்று அப்துல் ரசாக் ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். அவர் அதைத் தொட்டதே இரண்டு தடவைதான். இரண்டு தடவையும் தரை வந்தது. பொத்தானை அமுக்கினால் அது உடனே படம் எடுக்காது. ஒரு மூச்சு யோசித்துவிட்டுத்தான் எடுக்கும். அதற்குள் சிரித்தவர் சிரித்து முடித்திருப்பார். சிரிப்பு வரப்போகிறது என்று தெரிகிற கணத்தில், அது வருவதற்கு முன்பே அமுக்க வேண்டும். இதைக் கற்றுக்கொள்ள அவளுக்கு நாலு மாதம் ஆயிற்று. பேட்டரி பத்துப் பன்னிரண்டு படத்துக்குள் செத்துவிடும். கழற்றி உள்ளங்கையில் தேய்த்துப் போட்டால் இன்னும் இரண்டு வரும். மெமரி அட்டையில் பதினாறு படத்துக்குத்தான் இடம். புதிதாக ஒன்று வேண்டுமென்றால் பழையதில் ஒன்றை அழிக்க வேண்டும். நைட் ஷிஃப்ட் முடிந்து வந்து தூங்காமல் உட்கார்ந்து எதை வைப்பது, எதை விடுவது என்று பார்த்துக்கொண்டிருப்பாள்.

அந்தப் பெண்கள் அவள்முன் துணியில்லாத தலையோடு இருந்ததற்குக் காரணமும் இந்தக் கேமராதான். பிலிம் என்றால் ஸ்டூடியோவில் கழுவக் கொடுக்க வேண்டும். அங்கே எவனோ ஓர் ஆள் ஒவ்வொன்றாகப் பார்ப்பான். இதில் அது இல்லை. எடுத்த கையோடு கட்டைவிரல் அகலத் திரையில் எல்லோரும் தலையை முட்டிக்கொண்டு பார்ப்பார்கள், பிடிக்கவில்லை என்றால் அங்கேயே அழிக்கச் சொல்வார்கள். நமக்குள்ளேயே இருக்கட்டும் என்றார்கள். சரி என்று வாக்குக் கொடுத்தாள். கூட வேலை செய்த ஒருத்தி சிடியில் ஏற்றிக் கொடுத்தாள். அதை அலமாரியில் தன் துணிகளுக்கு அடியில் வைத்தாள்.

ஹாஜரா அக்காவின் படம் மட்டும் வேறு கதை. புருஷன் இறந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. வெளி ஆண் கண்ணில் படாமல் இருக்க வேண்டிய இத்தா காலத்தில் இருந்தார். படத்தைத் திரையில் பார்த்ததும், இது வேணாம், அழிச்சிடு என்றார். மஹ்பூபா அழிக்கும் பொத்தானை அமுக்கினாள். ஆமா, இல்லையா என்று கேமரா கேட்டது. கேமராவைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு இல்லை என்பதை அமுக்கிவிட்டு, ஆச்சுக்கா என்றாள். வாழ்க்கையில் தான் எடுத்த நல்ல படம் அதுதான் என்று அப்போதே அவளுக்குத் தெரிந்திருந்தது. இருபத்து மூன்று வருடமாக அதை ஒருவருக்கும் காட்டவில்லை என்பதை அவள் தன் நேர்மைக் கணக்கில் வைத்திருந்தாள்.

அறை மூலையில் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் கேமரா இருந்தது. 'அப்துல் ரசாக் பயன்படுத்திய கேமரா' என்று மூன்று மொழியில் அட்டை. பேட்டரி மூடி உடைந்த பிறகு அவள் சுற்றி வைத்த நீலநிற முடி ரப்பர் இன்னும் அதன் இடுப்பிலேயே இருந்தது. அதைக் கழற்றி வைக்கக்கூட அந்த மனிதருக்குத் தோன்றவில்லை. அவளுக்குக் காது இரண்டும் சுட்டது.

ஏற்பாட்டாளர் ஹன்னா ஓடி வந்தாள். இருபத்தைந்து வயதிருக்கும், பள்ளிவாசல் பக்கத்து நகைக்கடைக்காரரின் பெண். அங்கிளோட வைஃபா, வாங்க ஆன்ட்டி என்று கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பெண்களின் நம்பிக்கையைப் பெற அங்கிள் எத்தனை மாதம் பொறுமையாக இருந்தார் என்று அவளுக்கே விளக்கினாள். ஒரு படத்தில் அப்துல் ரசாக்கே வாசற்படியில் உட்கார்ந்து ஷூ துடைத்துக்கொண்டிருந்தார். இதை யார் எடுத்தது என்று மஹ்பூபா கேட்டாள்.

"டைமர் ஆன்ட்டி. கேமராவ ஸ்டூல் மேல வச்சிட்டு ஓடிப் போய் உக்காந்தாராம். ஸோ கியூட் லா."

பேரை வாய்தவறிச் சொல்லியிருக்கலாம், யாரோ தப்பாக எழுதியிருக்கலாம் என்று அதுவரை மனதின் ஒரு மூலையில் அவருக்காக வாதாடிக்கொண்டிருந்தவள், ஸ்டூலைக் கேட்டதும் வாதாடுவதை நிறுத்திவிட்டாள். ஸ்டூல் என்று ஒன்றை அவர் உட்கார்ந்து யோசித்திருக்கிறார். ஹாஜரா அக்காவின் படத்தைக் காட்டி, இதை மட்டும் இப்போதே கழற்ற முடியுமா என்று கேட்டாள். ஹன்னா தயங்கினாள். அங்கிள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார், அவர் சொல்லாமல் எடுக்க முடியாது ஆன்ட்டி என்றாள். மஹ்பூபா வெளியே வந்துவிட்டாள். அப்போது வாயைத் திறந்திருந்தால் அந்தப் பெண்ணை அடித்திருப்பாள்.

மதிய லுஹர் தொழுதுவிட்டு அப்துல் ரசாக் வீட்டுக்கு வந்தபோது சோறு ஆகியிருக்கவில்லை. அவள் ஹாலில் உட்கார்ந்திருந்தாள். போய்ப் பார்த்தேன் என்றாள். அவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, அதன் விளிம்பைத் திருகியபடி இருந்தார். முதல்முறை கேட்டபோது, மனைவி என்ற பொருளில், எங்க வீட்டில் எடுத்தது என்றுதான் சொன்னாராம். ஹன்னா அவர் பெயரை எழுதிக்கொண்டாளாம். அடுத்த வாரம் பத்திரிகைக்காரர் வந்து சார் என்று கூப்பிட்டாராம். அதன் பிறகு எப்படி மாற்றுவது என்று தெரியவில்லையாம்.

"உன் கேமரா, என் கேமரான்னு இருக்கா என்ன? நீயும் நானும் வேறயா?"

"வேற இல்லன்னா நாளைக்கு நான் பேசுறேன். நீங்க கீழ உக்காருங்க."

ஹாஜரா அக்காவின் மகள் கேட்ட கேள்வியை அவள் அப்படியே சொன்னாள். அவர் முகம் வெளுத்தது. நான் அந்தப் பொம்பளைய நேர்ல பாத்ததுகூட இல்லையே, படத்துலதான் பாத்தேன் என்றார்.

"அந்தப் படத்தையும் நீங்க பாக்கக் கூடாதுன்னுதான் என் துணிக்கு அடியில வச்சிருந்தேன். என் துணிய ஒதுக்கிட்டு எடுத்திருக்கீங்க."

அந்த ஒரு படத்தைத் திங்கட்கிழமை எடுக்கச் சொல்லிவிடுகிறேன் என்றார் அப்துல் ரசாக். ஞாயிற்றுக்கிழமை பேச்சு முடியட்டும். பள்ளிவாசல் ஆட்கள் எல்லோரும் வருகிறார்கள். இந்த வயதில் நான் பொய்யன் என்று பெயரெடுக்க வேண்டுமா என்று கேட்டபோது அவர் குரல் உடைந்தது. அந்தக் குரலைக் கேட்டு இளகிவிடுவோமோ என்ற பயத்தில் அவள் எழுந்து போய், ஐஸ்பெட்டியிலிருந்த மீனை எடுத்துச் செதிலைச் சுரண்ட ஆரம்பித்தாள். ஏற்கெனவே சுரண்டிய மீன். தோல் கிழிந்து வரும்வரை சுரண்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்குப் பேச்சு. மஹ்பூபா பத்தரைக்கே போய்விட்டாள். நாற்காலிகள் போட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் இரண்டாவது அறைக்குள் போய், ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறி, பெண்களின் படங்களை ஒவ்வொன்றாகக் கொக்கியிலிருந்து இறக்கி, முகம் சுவரைப் பார்க்கச் சாய்த்து வைத்தாள். நான்காவது படத்தில் ஹன்னா வந்து, ஆன்ட்டி என்ன செய்றீங்க என்று பதறினாள். அங்கிளுக்கு போன் பண்ணுகிறேன் என்றாள். பண்ணும்மா என்று சொல்லிவிட்டு ஐந்தாவதை இறக்கினாள்.

அப்துல் ரசாக் புது பாத்திக் சட்டையில் வந்தபோது ஒன்பதும் சுவரிலிருந்து இறங்கியிருந்தன. ஐம்பது அறுபது பேர் உட்கார்ந்திருந்தார்கள். வெறும் சுவரைப் பார்த்தார். கடைசி வரிசையில் ஹாஜரா அக்கா படத்தின் மூன்றடிச் சட்டத்தை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டிருந்த மனைவியைப் பார்த்தார். அவர் உண்மையைச் சொல்வதற்கு அவள் இடம் விட்டாள். மைக்கைப் பிடித்து, தெருவைப் பற்றிச் சொன்னார், துணிக்கடையைப் பற்றிச் சொன்னார். ஐந்து நிமிடம் ஆயிற்று, பத்து நிமிடம் ஆயிற்று. படம் எடுப்பதற்குப் பொறுமைதான் வேண்டும் என்று அவர் சொன்ன இடத்தில் மஹ்பூபா எழுந்தாள்.

"இந்தப் படமெல்லாம் நான் எடுத்தது. என் வீட்டுக்காரருக்கு அந்தக் கேமராவ எந்தப் பக்கம் புடிக்கணும்னுகூடத் தெரியாது. இதுல இருக்கற பொம்பளைங்க யாரும் சுவத்துல மாட்டச் சம்மதிக்கல. இவரு அந்த வீட்டுங்களுக்குள்ள காலு வச்சதும் இல்ல. எல்லாரும் இத வெளிய போய்ச் சொல்லுங்க."

அப்துல் ரசாக் கையிலிருந்த தாளை நாலாக மடித்து, பிறகு எட்டாக மடித்தார். ஆமா என்று மைக்கில் சொன்னாரா, வெறும் மூச்சுதானா என்று அவளுக்குத் தெரியவில்லை. நின்று கேட்கவும் இல்லை. சட்டத்தைப் படம் தெரியாமல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வெயிலில் இறங்கினாள்.

கிராப் வாடகைக் கார் பாலம் தாண்டி பத்து காவான் ஊருக்குப் போக முக்கால் மணி நேரம் ஆயிற்று. வழியெல்லாம் கோபம் இறங்கவில்லை. இறங்காததுதான் அவளுக்குத் துணையாக இருந்தது. ஹாஜரா அக்கா இருக்கும் மகளுடைய புது அபார்ட்மெண்டின் ஒன்பதாவது மாடியில், கதவுக்கு முன்னால் பூ வேலை செய்த இரும்புக் கம்பிக் கதவு பூட்டியிருந்தது. மணியடித்ததும் மரக்கதவு மட்டும் திறந்தது. ஹாஜரா அக்காவின் தலையில் வெள்ளைத் துடோங். முன்பைவிட ஒரு சுற்று சிறுத்திருந்தார்.

எல்லாப் படத்தையும் இறக்கிவிட்டேன், அத்தனை பேர் முன்னாலும் சொல்லிவிட்டேன் என்று மஹ்பூபா மூச்சு வாங்கச் சொன்னாள். ஹாஜரா அக்கா முழுவதையும் கேட்டார்.

"உன் வீட்டுக்காரர விடு. அன்னைக்கு ஆச்சுக்கான்னு சொன்னியே, அது யாரு?"

"நான்தான்க்கா."

"ஏன் அழிக்கல?"



"நல்லா வந்திருந்துச்சுக்கா."

ஹாஜரா அக்கா, குடு என்று கம்பிக்கு இடையில் கையை நீட்டினார். மஹ்பூபா சட்டத்தைத் திருப்பி நீட்டினாள். அது போகவில்லை. சாய்த்துப் பார்த்தாள். ஒரு மூலை மட்டும் இரும்புப் பூவுக்குள் நுழைந்து சிக்கிக்கொண்டது. உள்ளேயிருந்து ஹாஜரா அக்கா அந்த மூலையைப் பிடித்தார். வெளியே மஹ்பூபா மற்ற மூலையை விடவில்லை. சாவி உள்பக்கச் சுவரில், கை எட்டும் தூரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. இரண்டு பேருக்கும் நடுவில், கம்பிகளுக்கு அந்தப் பக்கம் பாதியும் இந்தப் பக்கம் பாதியுமாக, ஈர முடியை முன்னால் போட்டுக்கொண்டு ஒருத்தி வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.